பெர்சி தின்னாமல் போன முட்டை

போரில் போனவர்களுக்கு ஊரில் கல் நடப் போகிறார்களாம். கூடவே ஒரு புத்தகம் வைக்க, ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லிப் பாதிரியார் கேட்டிருக்கிறார். பெர்சி மால்ட்பி என் பங்குக்கு வந்தான். மாதிரிக்கு ஒன்றைக் காட்டினார். ‘அஞ்சா நெஞ்சன், கடமை வீரன்’ என்று அதில் இருந்தது. பெர்சி அதைப் படித்திருந்தால் சிரித்தே செத்திருப்பான். சிலந்தியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிற ஆள் அவன். பாதிரியார் மாதிரி எழுத எனக்கு வராது, எனக்கு வருகிற மாதிரி எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அப்புறம் என்னிடம் வந்து முகத்தைச் சுளிக்க வேண்டாம்.

பெர்சி பிறந்தது கால்வாய்க் கரையில் இருக்கிற அந்தச் சாய்ந்த வீட்டில். அவனுடைய அப்பா வாத்தும் கோழியும் வளர்த்தார். கோழி வளர்க்கிற வீட்டுப் பிள்ளைக்கு முட்டைக்குக் குறைவிருக்காது என்று நினைப்பீர்கள். முட்டையெல்லாம் சந்தைக்குப் போய்விடும், ஓடு விரிசல் விட்டது மட்டும்தான் வீட்டுக்கு. ஐந்து பிள்ளைகள். விரிந்த முட்டைக்கு நடந்த சண்டையில் பெர்சிக்கு முன்பல் ஒன்று போயிற்று. அந்த ஓட்டையோடுதான் கடைசி வரைக்கும் சிரித்தான். முட்டை என்றால் அவனுக்கு உயிர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினாலு வயதில் உருளைக்கிழங்கு வயலுக்குப் போனான். பதினெட்டில் பஸ் கண்டக்டர் ஆனான். எங்கள் பக்கத்தில் ஓடிய அந்தப் பச்சை பஸ்ஸின் பின்படியில் தொங்கிக்கொண்டு வருவான். ஆள் குள்ளம், குரல் மட்டும் ஆறடி. “போலாம், ரைட்!” என்று அவன் கத்தினால் அடுத்த ஊரில் அடுப்பில் கிடக்கிறதை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் பையைத் தேடுவார்கள். சந்தை நாளில் பன்றிக்குட்டியோடு ஏறுகிறவர்களிடம், குட்டிக்கு ஜன்னலோரம் வேண்டுமா என்று கேட்பான். யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று டாக்டருக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

விமானப்படையில் சேர்ந்ததற்கு நாட்டுப்பற்று என்று காரணம் எழுதலாம். அவன் சொன்ன காரணம் வேறு. தரைப்படையில் நடக்க வைப்பார்கள், கப்பலில் வாந்தி வரும், பிளேனில் உட்கார இடம் தருவார்கள். நாலு வருஷமாக நின்றுகொண்டே வேலை பார்த்தவன் அல்லவா! சொன்ன மாதிரியே இடமும் கொடுத்தார்கள். லங்காஸ்டர் என்கிற குண்டு போடுகிற விமானத்தின் வால் நுனியில் ஒரு கண்ணாடிக் கூண்டு, நாலு துப்பாக்கி, பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும். பஸ்ஸிலும் பின்னால், பிளேனிலும் பின்னால். ஜெர்மனி எப்படி இருக்கிறது என்று கேட்டால், போகிற ஊரை நான் எங்கே பார்த்தேன், விட்டு வந்த ஊரைத்தான் பார்த்தேன் என்பான்.

ஏழு பேர் கொண்ட அவர்கள் குழுவுக்கு விமானி ஒரு ஆஸ்திரேலியாக்காரன். எல்லோருக்கும் பெர்சி ‘கண்டக்டர்’தான். ஓடுபாதையில் நின்று எஞ்சின் நாலும் உறுமிக்கொண்டிருக்கும்போது, வாலிலிருந்து “போலாம், ரைட்!” என்று குரல் வந்தால்தான் விமானி வண்டியை எடுப்பான். விளையாட்டாகத் தொடங்கியது, அப்புறம் அது இல்லாமல் அவனால் முடியவில்லை. அந்த விமானத் தளத்தில் எல்லோரும் அப்படித்தான். ஒருவன் பெண்டாட்டியின் காலுறையைக் கழுத்தில் சுற்றிக்கொள்வான், இன்னொருவன் ஏறும் முன் சக்கரத்தில் மூத்திரம் பெய்வான். முப்பது தடவை போய்வந்தால் பறப்பதிலிருந்து விடுதலை. முப்பதைத் தொட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். அதனால் எதை வேண்டுமானாலும் நம்பினார்கள்.

என்னை ராசியில்லாதவள் என்று நம்பினார்கள்.

நான் சார்ஜென்ட்கள் சாப்பிடுகிற கூடத்தில் சமையல்காரி. பெயர் ஐவி. பெர்சி வந்த வருஷம் கோடையில் ஒருவனோடு இரண்டு தடவை நடனத்துக்குப் போனேன், அவன் போன விமானம் திரும்பவில்லை. இரண்டு மாதம் கழித்து இன்னொருவன் சினிமாவுக்குக் கூட்டிப் போனான். அவனும் திரும்பவில்லை. அவ்வளவுதான். நான் எதிரே வந்தால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்கள். பறக்கிறவர்களுக்குப் புறப்படும் முன் ஒரு முட்டை, திரும்பி வந்தால் ஒரு முட்டை. நாட்டில் மற்றவர்களுக்கு வாரத்துக்கு ஒன்று கிடைத்தால் பெரிய விஷயம். அப்பேர்ப்பட்ட முட்டையை என் கையால் வாங்க ஒருவனும் வரவில்லை. பரிமாறுகிற இடம் இரண்டு. கூடச் சமைக்கிற மேபலின் முன்னால் வாசல் வரைக்கும் வரிசை நிற்கும், என் முன்னால் ஈ கூட நிற்காது. மேபல் நல்லவள்தான், ஆனால் அவள் பொரிக்கிற முட்டையை வைத்துச் செருப்புக்கு அடி தைக்கலாம். செத்தாலும் சரி, செருப்பைத் தின்றுவிட்டுச் சாகிறோம் என்று நின்றார்கள். எனக்கு எப்படி எரிந்திருக்கும்! வீம்புக்குத் தினமும் எண்ணெயைக் காய வைத்துக்கொண்டு நின்றேன். யாருக்கும் தெரியாமல் உருளைக்கிழங்குக் கிடங்கில் போய் அழுதும் இருக்கிறேன்.

அக்டோபரில் புதுக் குழு ஒன்று வந்தது. மேபல் பக்கம் முப்பது பேர் நிற்க, ஒரு குள்ளன் தட்டைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தான். பின்னாலிருந்து ஒருவன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து விஷயத்தைச் சொன்னது எனக்கும் கேட்டது. அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

“கூட்டமே இல்லாத பஸ் நிக்குது, இதுல ஏறாம அதுல தொங்குவானா ஒருத்தன்?” என்றான். அப்புறம் என்னைப் பார்த்து, “மஞ்சக்கரு ஒடையக் கூடாது, புள்ள” என்றான்.

அதுதான் பெர்சி. மஞ்சள்கரு உடையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தின்றான். மறுநாள் காலையில் திரும்பி வந்தான், முகமெல்லாம் பனிக்குப் பூசிய வாத்துக் கொழுப்பு. திரும்பி வந்ததற்கான முட்டையைப் பொரித்துக் கொடுத்தேன். அந்த முட்டையையும் தின்றுவிட்டு, தட்டைக் கொண்டு வந்து கொடுத்து, “ஐவி, நாளைக்கும் ஒண்ணு எடுத்து வை” என்றான்.

ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தை. ஒவ்வொரு தடவையும் வந்தான். நாலாவது தடவை சினிமாவுக்குக் கூப்பிட்டான். மாட்டேன் என்றேன். எட்டாவது தடவை மறுபடி. எனக்கு அவனைப் பிடித்திருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? பிடித்திருந்ததால்தான் மாட்டேன் என்றேன். ஊர் சொல்வதை நான் நம்பவில்லை என்று வாய்க்கு வாய் சொல்லிக்கொண்டாலும், அடி வயிற்றில் நம்பினேன். மூன்றாவதாக ஒருவனை நான் அனுப்ப வேண்டாம் என்று இருந்தது.

“முப்பது முடிச்சுட்டு வா. அப்புறம் பாக்கலாம்” என்றேன்.

“முப்பது டிக்கெட்டா? சரி. ஒண்ணொண்ணா கிழிக்கிறேன்” என்றான்.

தளத்தில் இதற்கும் ஒரு கணக்குச் சொன்னார்கள். ஐவி முட்டை கொடுத்தால் பரவாயில்லை, ஐவியோடு வெளியே போனால்தான் ஆபத்து. பெர்சி இன்னும் போகவில்லை, அதனால்தான் உயிரோடு இருக்கிறான். இப்படிச் சொல்லிவிட்டும் ஒருவனாவது என் பக்கம் வந்தானா என்றால் இல்லை. நல்ல பிழைப்பு!

பதினேழாவது தடவை அவன் விமானம் வரவில்லை. மற்றதெல்லாம் வந்து இறங்கியாகிவிட்டது. மேபல் அடுப்பை அணைக்கச் சொன்னாள், நான் அணைக்கவில்லை. பொரித்த முட்டை தட்டில் ஆறி, தோல் பிடித்து, கண் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பகல் பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்கிறான். என் பயமெல்லாம் கோபமாக மாறிவிட்டது. கையில் இருந்த கரண்டியை ஓங்கிக்கொண்டே கத்தினேன்.

“எங்கடா போயித் தொலைஞ்ச?”

“ஒரே பனிமூட்டம். வண்டிய வேற டிப்போல போட்டுட்டாங்க” என்றான். ஆறிப்போன முட்டையை எடுத்துத் தின்ன ஆரம்பித்துவிட்டான். புதிதாகப் பொரிக்கிறேன் என்றாலும் விடவில்லை. முட்டையை வீணாக்கினால் அவன் அம்மா தோலை உரித்துவிடுவாளாம். அன்றைக்குப் புதிதாகப் பொரித்ததையும் சேர்த்து இரண்டு முட்டை தின்றான்.

மார்ச் மாதத்தில் முப்பதாவது. அன்று காலை அவர்கள் ஏழு பேரும் உள்ளே வந்த சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. ஆஸ்திரேலியாக்காரன் மேஜை மேல் ஏறி ஆடினான். பெர்சி மட்டும் தட்டோடு என் முன்னால் நின்று, அந்த ஓட்டைப் பல்லைக் காட்டிக்கொண்டு, இப்போது என்ன சொல்கிறாய் என்று கேட்டான். நான் அடுப்பைக் குறைத்துவிட்டு, எல்லோர் கண்ணுக்கும் முன்னால், கைமேடைக்கு இந்தப் பக்கமிருந்தே அவன் காலரைப் பிடித்து இழுத்து முத்தம் கொடுத்தேன். கூடம் முழுக்க ஊளையிட்டது. முட்டை கருகிப் போயிற்று, அதையும் தின்றான்.

அந்த வாரம் இரண்டு தடவை சினிமாவுக்குப் போனோம். என்ன படம் என்று கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் சாப்பாடு என்று ஏற்பாடு. எனக்குச் சனிக்கிழமையே விடுப்புக் கிடைத்தது, அவனுக்குத் தளத்தில் உடைகளை ஒப்படைக்கிற வேலை பாக்கி இருந்தது. நீ முன்னால் போய் அம்மாவைச் சமாளி, ஞாயிறு முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்றான். சனிக்கிழமை சாயங்காலம் நான் போய் இறங்கினேன். வாசலிலேயே வாத்துகள் என்னை விரட்டின. ஒன்று பின்னால் கடித்தும்விட்டது. மிஸஸ் மால்ட்பி, துடைப்பத்தோடு வந்து வாத்தை விரட்டிவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“முட்டை பொரிக்கிற பொண்ணு நீதானா? உள்ள வா, கண்ணு. அவன் கடுதாசியில முட்டையப் பத்தித்தான் நாலு பக்கம் எழுதறான், ஒன்னப் பத்தி ஒரு வரி” என்றார். எனக்கு அந்தம்மாவை அப்போதே பிடித்துவிட்டது.

ஞாயிறு முதல் பஸ்ஸில் அவன் வரவில்லை. அடுத்ததிலும் வரவில்லை. மிஸஸ் மால்ட்பி அவனுக்கென்று ஓடு விரியாத பெரிய முட்டையாக நாலு எடுத்து வைத்திருந்தார். நான் சட்டியை அடுப்பில் வைப்பதும் இறக்குவதுமாக இருந்தேன். மூன்று மணிக்குத் தபாலாபீஸ் பெண் சைக்கிளை வேலியில் சாய்த்தாள். காணவில்லை என்று தந்தி.

முப்பது முடிந்தவனுக்கு எப்படித் தந்தி வரும்? தப்பான வீடு என்று அவளோடு சண்டைக்கே போனேன். மிஸஸ் மால்ட்பிதான் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

நடந்தது இதுதான். சனிக்கிழமை, ஒரு புதுக் குழு முதல் தடவையாகப் பறக்க இருந்தது. அவர்களுடைய வால் துப்பாக்கிக்காரனுக்குக் காதில் சீழ் வைத்து, டாக்டர் போகக் கூடாது என்றுவிட்டார். உடை ஒப்படைக்கப் போன பெர்சி அந்தப் பையன்களின் முகத்தைப் பார்த்திருக்கிறான். கண்டக்டர் இல்லாமல் முதல் நடையா என்று கேட்டு, ஒப்படைத்த உடைகளைத் திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டானாம். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. இதற்காக அவனை நான் இன்றுவரை திட்டுகிறேன். வேறு மாதிரி நடந்துகொண்டிருந்தால் அவன் பெர்சியும் இல்லை.

திங்கட்கிழமை தளத்துக்குத் திரும்பியபோது நான் ஒரு முடிவோடு போனேன். வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி மனு எழுதிப் பையில் வைத்திருந்தேன். முப்பது தடவை திரும்பியவன், ஐவியோடு இரண்டு சினிமா போனான், செத்தான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் அவர்களுக்கு? என் முன்னால் இனி நாய் கூட நிற்காது என்று நினைத்துக்கொண்டு அடுப்பை மூட்டினேன். தலையை நிமிர்த்தினால், என் முன்னால் வரிசை. வாசல் வரைக்கும். மேபல் கரண்டியைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறாள்.

கேலி செய்கிறார்கள் என்று நினைத்துக் கொதிக்கிற எண்ணெயோடு சட்டியைத் தூக்கிவிட்டேன். மேபல் ஓடி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். சனிக்கிழமை புறப்படும் முன் பெர்சி மேபலிடம் முட்டை வாங்கினானாம். மேஜைக்குக் கொண்டு போய், அதைத் தொடாமல் தள்ளிவிட்டு, கூடம் முழுக்கக் கேட்கிற அந்தக் கண்டக்டர் குரலில் கத்தினானாம்.

“இது ஐவி கையால பொரிச்சதில்ல. ஐவி முட்டை திங்காம நான் ஒரு நாளும் ஏறினதில்ல. இன்னிக்கி வெறும் வயித்தோட போறேன், பாத்துக்கங்கடா!”

அதை நூறு பேர் கேட்டிருக்கிறார்கள். மறுநாள் அவன் வரவில்லை. தளம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஐவி முட்டையைத் தின்றவரைக்கும் முப்பது தடவை வந்தான், தின்னாத ஒரு நாள் போனான். ராசியில்லாதவள் ஒரே ராத்திரியில் கைராசிக்காரி ஆகிவிட்டேன்!

போர் முடிகிற வரைக்கும் அந்த வரிசை குறையவில்லை. என் முட்டையைத் தின்றும் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அதற்கும் காரணம் வைத்திருந்தார்கள். அவன் அதிகமாக உப்புப் போட்டுக்கொண்டான், இவன் வரிசையில் நின்றுகொண்டு மேபலைப் பார்த்துச் சிரித்தான். ஒவ்வொருவனும் தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, “ஐவி, நாளைக்கும் ஒண்ணு எடுத்து வை” என்பான். அந்த வார்த்தை மந்திரம் மாதிரி ஆகிவிட்டது. எடுத்து வைக்கிறேன் என்று நானும் சொன்னேன். அவர்களைப் பார்த்து, இது வெறும் முட்டை, போங்கடா என்று எப்படிச் சொல்வது?

ஆனால் எனக்குள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. அவர்கள் சொல்வது மெய்யாக இருந்தால்? அன்று நான் விடுப்பில் போகாமல் அடுப்படியில் நின்றிருந்தால்? ஒரு முட்டை, இரண்டு நிமிஷ வேலை. அதைச் செய்ய நான் அங்கே இல்லை. பெர்சி என் மேல் இருந்த கிறுக்கில் வெறும் வயிற்றோடு போய்ச் செத்தான் என்று நினைத்தால் ஒரு பக்கம் துக்கம், ஒரு பக்கம் அவனைக் கட்டையால் அடிக்கலாம் போல ஆத்திரம். சரியாக அழக்கூட முடியவில்லை.

போர் முடிந்ததும் நான் பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடை போட்டேன். முட்டை மிஸஸ் மால்ட்பி கொடுப்பார். ஒரு வசந்த காலத்து மத்தியானம், பச்சை பஸ்ஸிலிருந்து ஒல்லியாக ஒருவன் இறங்கி வந்து, நீங்கள்தான் ஐவியா என்று கேட்டான். பெயர் டென்னிஸ். பெர்சி கடைசியாகப் போன விமானத்தில் குண்டு போடுகிறவனாக இருந்தவன். ஏழு பேரில் மிஞ்சியது அவனும் இன்னொருவனும். ஜெர்மானியர்களிடம் கைதியாக இருந்துவிட்டு வந்திருந்தான்.

உட்கார வைத்து ஒரு முட்டை பொரித்துக் கொடுத்தேன். தின்றுகொண்டே சொன்னான். ஓடுபாதையில் எல்லோரும் முதல் தடவை என்ற பயத்தில் இருந்தபோது வாலிலிருந்து “போலாம், ரைட்!” என்று வந்ததாம், அத்தனை பேரும் சிரித்துவிட்டார்களாம். திரும்பும் வழியில் ஹாலந்து கரைக்குப் பக்கத்தில் ஒரு ஜெர்மன் விமானம் துரத்தியிருக்கிறது. பெர்சி சுட்டுக்கொண்டே, இடது, வலது என்று விமானிக்குச் சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் சொன்னபடி திருப்பியதால்தான் கடல் வரைக்கும் வர முடிந்தது. தண்ணீரில் இறங்கியபோது வால் முறிந்து தனியாகப் போய்விட்டது. அவன் உடம்பு கரை ஒதுங்கி, அந்த ஊர்க்காரர்களே அடக்கம் செய்திருக்கிறார்கள்.

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, இத்தனை வருஷமாக உள்ளே கிடந்ததைக் கேட்டேன். வெறும் வயிற்றோடு போனது அவனுக்குப் பயமாக இருந்ததா?

டென்னிஸ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

“வெறும் வயிறா? பிளேனுக்கு லாரியில போறப்ப எங்க பிஸ்கட் பூரா அவர்தாங்க தின்னாரு. பசி தாங்கலைன்னாரு. பின்ன ஏண்ணே முட்டைய விட்டீங்கன்னு நான் கேட்டேன்.”

“என்ன சொன்னான்?”

“‘நான் இன்னிக்கி வரலைன்னு வையி, அந்தப் புள்ளய பேசியே கொன்னுடுவானுங்கடா. பழி முட்டை மேல போகட்டும். வந்துட்டா ரெண்டு சேத்துத் தின்னுக்கிறேன்’னாரு. சொல்லிட்டு, ‘மேபல் முட்டைன்னாலும் முட்டைதானடா, வுட்டுட்டு வர மனசே இல்ல’ன்னு வழி பூரா புலம்பினாருங்க.”

பாவி. பாவி மனுஷன். விரிந்த முட்டைக்காகப் பல்லை விட்டவன், ஆறிப்போனதையும் கருகினதையும் வழித்துத் தின்றவன், எனக்காக ஒரு முட்டையைத் தட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அன்றுதான் பெர்சிக்காக முதல் தடவையாக நான் வாய்விட்டு அழுதேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று அழுதேன். டென்னிஸ் பயந்துபோய் எழுந்துவிட்டான். உட்காருடா என்று அதட்டி, மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவனுக்கு இன்னொரு முட்டையை உடைத்து ஊற்றினேன். மஞ்சள்கரு உடையவில்லை.